பனிமலையில் விடப்பட்ட விமானி: ஜெஸி பிறவுணை எப்படி நினைவுகூர்வது?

ஜெஸி லெறோய் பிறவுண் சாகும்போது அவருக்கு வயது 24. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான் இருக்கும். 1950 டிசம்பர் 4 ஆம் திகதி, வடகொரியாவின் பனி மூடிய மலைச்சரிவு ஒன்றில், நொறுங்கிய விமானத்துக்குள் கால் சிக்கிய நிலையில் அவர் இறந்துபோனார். அமெரிக்கக் கடற்படையின் விமானிப் பயிற்சியை முழுமையாக முடித்த முதல் கறுப்பினத்தவர் அவர். கொரியப் போரில் உயிரிழந்த முதல் கறுப்பினக் கடற்படை அதிகாரியும் அவர்தான். அவருடைய உடல் இன்றுவரை வீடு திரும்பவில்லை.

2022 இல் 'டிவோஷன்' என்ற ஹொலிவூட் படம் வந்த பிறகுதான் எங்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரிய வந்தது. படம் முடிந்த பிறகு நாங்கள் நிறையக் கதைத்தோம், கொஞ்சம் சண்டையும் பிடித்தோம். "இப்படியும் ஒரு மனிதனா" என்றார்கள் சிலர். "சரி, அந்த விமானத்துக்குக் கீழ இருந்த ஆக்கள் ஆர்?" என்று கேட்டார்கள் வேறு சிலர். இரண்டுமே நியாயமான பேச்சுத்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை மூடிவிடாமல் பிறவுணின் கதையைச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை.

பருத்திக் காட்டிலிருந்து வானம் பார்த்த பெடியன்

பிறவுண் 1926 ஒக்டோபர் 13 இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஹற்றிஸ்பேர்க் நகரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் ஒருவர். தாய் ஜூலியா ஒரு ஆசிரியை. தந்தை ஜோன் பலசரக்குக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்தவர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அந்த வேலை போனது. பிறகு டர்பன்டைன் ஆலை ஒன்றில் வேலை, அதுவும் போக, லக்ஸ் என்ற சிறு ஊரில் வாரக் குடியானவராகக் குடும்பத்தோடு குடியேறினார். வாரக் குடியானவர் என்றால் நிலம் வேறொருவருடையது, உழைப்பு உங்களுடையது, விளைச்சலில் ஒரு பங்கு நிலக்காரனுக்கு. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து எழுபது வருடம் கடந்த பிறகும் தெற்கு மாநிலங்களின் கறுப்புக் குடும்பங்களைக் கடனிலேயே கட்டி வைத்த ஏற்பாடு அது.

ஆறு வயதில் தகப்பன் அவரை ஒரு விமானக் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதோடு பைத்தியம் பிடித்துவிட்டது. பக்கத்தில் இருந்த மண் ஓடுதளத்துக்குப் போய் விமானங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கே இருந்த மெக்கானிக் துரத்துவார். அடுத்த நாள் திரும்பவும் போய் நிற்பார்.

பதின்ம வயதில் 'பிற்ஸ்பேர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகையை வீடு வீடாகப் போட்டார். விற்கிற பேப்பரை வாசிக்கவும் செய்தார். பெஸி கோல்மன், யூஜின் புல்லார்ட் போன்ற கறுப்பின விமானிகள் ஏற்கெனவே இருந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்படித்தான் தெரிய வந்தது. இந்த இருவருமே பறக்கப் பழகியது அமெரிக்காவில் அல்ல, பிரான்ஸில் என்பதை நாங்கள் சேர்த்துச் சொல்லவேண்டும்.

1937 இல் அவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இராணுவத்தின் விமானப் பிரிவில் கறுப்பினத்தவரை ஏன் விமானிகளாகச் சேர்ப்பதில்லை என்பதுதான் கேள்வி. வெள்ளை மாளிகையில் இருந்து, உங்கள் கருத்தை மதிக்கிறோம் என்ற தோரணையில் ஒரு மரியாதையான பதில் வந்தது. அவ்வளவுதான். ஆனால் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று, தன் ஊரில் ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரனிடம்கூடக் கேட்க முடியாத கேள்வியை நாட்டின் ஜனாதிபதியிடம் கேட்டிருக்கிறது.

'முதலாவது' என்ற சொல்லுக்குள் இருப்பது

1944 இல் பாடசாலைக் கல்வியை வகுப்பில் இரண்டாம் இடத்தோடு முடித்தார். தெற்கிலேயே கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி ஒன்றில் சேரச் சொல்லித்தான் பலரும் அறிவுரை சொன்னார்கள். அவர் போனது வடக்கே, ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்துக்கு. அவருடைய நாயகனான ஓட்டவீரர் ஜெஸி ஓவன்ஸ் படித்த இடம் அது. பகலில் கட்டடப் பொறியியல் படிப்பு, இரவில் ரயில்வேயில் சரக்குப் பெட்டிகளுக்குச் சாமான் ஏற்றுகிற வேலை.

1946 யூலையில் கடற்படையின் ரிசேவ் பிரிவில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அதிகாரிப் பயிற்சித் திட்டத்தில் நாடு முழுவதும் இருந்த சுமார் 5600 மாணவர்களில் கறுப்பினத்தவர் 14 பேர்தான். கடற்படையில் கறுப்பினத்தவருக்கு என்று பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட வேலை, அதிகாரிகளின் சாப்பாட்டறையில் பரிமாறுவதும் அவர்களுடைய உடுப்பையும் அறையையும் பார்த்துக்கொள்வதும். அந்தக் கடற்படையில் ஒருவர் விமானியின் ஆசனத்தில் இருக்க விரும்புகிறார். என்ன மாதிரி வரவேற்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.

பயிற்சி இலினோய், அயோவா, கடைசியாகப் புளோரிடாவின் பென்சகோலா என்று நகர்ந்தது. சில பயிற்றுநர்கள் கண்ணியமாக நடத்தினார்கள். சிலர் வெளிப்படையாகவே கேவலப்படுத்தினார்கள். படத்தில், கண்ணாடிக்கு முன்னால் நின்று தனக்குச் சொல்லப்பட்ட இழிசொற்களை அவர் தானே தனக்குத் திருப்பிச் சொல்கிற காட்சி ஒன்று வருகிறது. பார்ப்பதற்கு மிகக் கஷ்டமான காட்சி. அதை இயக்கிய ஜே. டி. டில்லார்டின் தந்தையும் ஒரு கறுப்பினக் கடற்படைப் பறப்பு அதிகாரி.

பயிற்சிக் காலத்தில் கல்யாணம் கட்டக்கூடாது என்பது விதி. கட்டினால் வெளியே போகவேண்டியதுதான். 1947 ஒக்டோபரில் பென்சகோலாவில் வைத்து, ஊரிலிருந்தே பழக்கமான டெய்சி பேர்ள் நிக்ஸை அவர் இரகசியமாகக் கல்யாணம் செய்தார். கிடைக்கிற ஓய்வு நாட்களில் மட்டும் சந்திப்பு. கனவுக்காக உயிரையே கொடுக்கத் துணிந்தவர் காதலுக்காகக் கனவையே பணயம் வைத்திருக்கிறார்.

1948 யூலை 26 இல் ஜனாதிபதி ட்ரூமன், ஆயுதப் படைகளில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் 9981 ஆம் இலக்க நிறைவேற்று ஆணையில் கையொப்பமிட்டார். மூன்று மாதம் கழித்து, ஒக்டோபர் 21 இல், பிறவுணின் நெஞ்சில் கடற்படை விமானியின் சிறகுப் பதக்கம் குத்தப்பட்டது. பத்திரிகைகள் எழுதின. 'லைஃப்' சஞ்சிகையில் படம் வந்தது. அந்த டிசம்பரில் மகள் பமெலா பிறந்தாள்.

'முதலாவது' என்று சொல்லும்போது ஒரு சின்னத் திருத்தம் தேவை. ஒஸ்கார் ஹோம்ஸ் என்ற கறுப்பினத்தவர் 1943 இலேயே கடற்படை விமானியாகிவிட்டார். அவருடைய தோல் வெளிறிய நிறம் என்பதால் அவர் கறுப்பினத்தவர் என்பதே சேர்க்கும்போது கடற்படைக்குத் தெரியவில்லை. வெளியில் பறக்கப் பழகி வந்தவர் என்பதால் கடற்படையின் முழுப் பயிற்சிக்குள்ளாகவும் அவர் போகவில்லை. ஆகவே பிறவுணை 'பயிற்சியை முடித்த முதலாவது' என்று கவனமாகச் சொல்கிறார்கள். ஹோம்ஸுக்குக் கதவு திறந்தது யாரும் அவரைக் கவனிக்காததால். பிறவுண் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கதவால் உள்ளே போனவர். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் ஐந்து வருடம் மட்டுமல்ல.

கோர்செயரும் கப்பலும்

பிறவுண் 32 ஆவது போர் விமானப் பிரிவில், 'லெய்டே' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் சேவை செய்தார். ஓட்டியது எஃப்4யூ கோர்செயர். இந்த விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அவருடைய சாவின் கதையில் அதற்கும் பங்கு இருக்கிறது.

கோர்செயரின் முன்பக்கத்தில் 18 சிலிண்டர்கள் கொண்ட பெரிய இயந்திரம். அந்தப் பலத்துக்கு ஏற்ற விசிறி நாலு மீற்றர் விட்டம். விசிறி நிலத்தில் இடிக்காமல் இருக்கவேண்டும், அதேநேரம் சில்லுக் கால்களும் மெத்த நீளமாக இருக்கக்கூடாது. அதனால் சிறகுகளைக் கீழ்ப்பக்கமாக வளைத்துத் திரும்ப மேலே எடுத்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தாலே அடையாளம் தெரிகிற வடிவம். ஆனால் மூக்கு அவ்வளவு நீளம் என்பதால், இறங்கும்போது நேரே முன்னால் விமானிக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே கப்பலை நோக்கி நேர்கோட்டில் வரமுடியாது. வளைந்து வளைந்து வந்து, தளத்தின் ஓரத்தில் இரண்டு கையிலும் மட்டைகளோடு நிற்கிற அதிகாரியின் சைகையைப் பார்த்து, கடைசி நொடியில் நிமிர்த்தி, வாலில் உள்ள கொக்கியால் தளத்துக்குக் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியைப் பிடிக்கவேண்டும். கப்பல் அலையில் ஆடிக்கொண்டிருக்கும்.

இதை நாளாந்த வேலையாகச் செய்தவர்களில் பிறவுண் திறமைசாலி. அவரோடு சோடியாகப் பறந்த டொம் ஹட்னர் மசாசூசெற்ஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், கடற்படைக் கல்லூரியில் படித்தவர், பதவியில் பிறவுணுக்கு மேலே. ஆனால் பிறவுணுக்குப் பறந்த அனுபவம் கூட. ஆகவே ஆகாயத்தில் பிறவுண் முன்னுக்கு, ஹட்னர் அவருக்குப் பக்கத்துணை. மிசிசிப்பியில் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் இருக்க முடியாத இருவர், கடலுக்கு மேலே ஒருவர் உயிரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சோசின்: இரண்டு பக்கமும் உறைந்த போர்

1950 யூன் 25 இல் கொரியப் போர் தொடங்கியது. மத்தியதரைக் கடலில் நின்ற 'லெய்டே' கொரியாவுக்குத் திருப்பப்பட்டு ஒக்டோபரில் போய்ச் சேர்ந்தது. வொன்சன், சொங்ஜின் போன்ற பகுதிகளில் தொடர்பாடல் பாதைகளையும் படைகள் திரளும் இடங்களையும் இராணுவ நிலைகளையும் தாக்குவது பிறவுணின் பிரிவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. இறக்கும்போது அவர் 20 தாக்குதல் பறப்புகளை முடித்திருந்தார்.

நவம்பர் கடைசியில் நிலைமை தலைகீழாகியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனப் படையினர் மலைகளுக்குள்ளால் இரவில் நடந்து வந்து, சோசின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி இருந்த சுமார் 30,000 ஐ.நா. படையினரைச் சூழ்ந்தார்கள். அந்த இடத்தின் கொரியப் பெயர் சாங்ஜின். அமெரிக்கர்களிடம் இருந்தது ஜப்பானியக் காலனி காலத்து வரைபடம் என்பதால் ஜப்பானிய உச்சரிப்பான 'சோசின்' என்ற பெயரே வரலாற்றில் நின்றுவிட்டது. யாருடைய மண்ணில் போர் நடக்கிறதோ அவர்களுடைய பெயர்கூட வரைபடத்தில் இல்லை.

இரவில் வெப்பநிலை மைனஸ் 30 பாகைக்கும் கீழே போனது. துவக்குகள் உறைந்தன, மருந்து உறைந்தது. அமெரிக்க மரைன்கள் பட்ட கஷ்டத்தைப் பற்றி நிறையப் புத்தகங்கள் உண்டு. எதிர்ப்பக்கத்தில், சீனாவின் மிதமான கிழக்குப் பகுதியில் இருந்து அவசரமாக அனுப்பப்பட்ட படையினர் மெல்லிய பஞ்சு உடுப்போடும் துணிச் சப்பாத்தோடும் அந்தக் குளிரில் நின்றார்கள். ஆயிரக்கணக்கில் குளிரிலேயே செத்தார்கள். அவர்களில் பலரும் பிறவுண் மாதிரியே விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்.

அந்தப் பிற்பகல்

டிசம்பர் 4 மதியத்துக்குப் பிறகு ஆறு கோர்செயர்கள் 'லெய்டே'யில் இருந்து கிளம்பின. மரைன்கள் பின்வாங்கும் பாதையைச் சுற்றிச் சீனப் படைகளைத் தேடிச் சில நூறு அடி உயரத்தில் பறந்தார்கள். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். பிறவுணின் விமானத்தில் இருந்து எரிபொருள் ஒழுகுவதைக் கூடப் பறந்த ஒருவர் கண்டு வானொலியில் சொன்னார். கீழே பனிக்குள் படுத்திருந்த காலாட்படையினரின் துவக்குச் சூடு பட்டிருந்தது. இயந்திரம் பலம் இழந்தது. பரசூட்டில் குதிக்கவும் உயரம் போதாது. எதிரியின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் ஒரு மலைச்சரிவில், மரங்களுக்கு இடையே இருந்த வெளியில் விமானத்தை இறக்கினார்.

விழுந்த வேகத்தில் விமானத்தின் முன்பகுதி முறிந்து மடங்கியது. மேலே வட்டமிட்டவர்கள் அவர் செத்துவிட்டார் என்றே நினைத்தார்கள். பிறகு கண்ணாடி மூடி திறந்து ஒரு கை அசைந்தது. ஆனால் ஆள் வெளியே வரவில்லை. முன்பக்கத்தில் இருந்து புகை வரத் தொடங்கியது.

ஹட்னர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சில்லுகளை இறக்காமல், வயிற்றால் உரசி, தன்னுடைய விமானத்தையும் அதே சரிவில் வேணுமென்றே மோதி இறக்கினார். முதுகில் அடிபட்டது. பனிக்குள்ளால் ஓடிப்போய்ப் பார்த்தால், மடங்கிய தகடுகளுக்கு நடுவில் பிறவுணின் கால் நசுங்கிக் கிடந்தது. கையுறை இல்லாத விரல்கள் விறைத்துப் போயிருந்தன. தன்னிடம் இருந்த கம்பளித் தொப்பியை அவருக்குப் போட்டு, கைகளைச் சால்வையால் சுற்றிவிட்டு, புகைகிற இயந்திரத்தின் மேல் வெறுங்கையால் பனியை அள்ளி அள்ளிப் போட்டார். கோடரியும் தீயணைப்புக் கருவியும் கொண்டுவரச் சொல்லி வானொலியில் கேட்டார்.

மரைன் விமானி சார்ள்ஸ் வோர்ட் சிறிய ஹெலிகொப்டர் ஒன்றில் வந்தார். இருவரும் சேர்ந்து முக்கால் மணித்தியாலம் போராடினார்கள். கோடரி உலோகத்தில் பட்டுத் துள்ளியது. தீயணைப்புக் கருவி அந்த நெருப்புக்குக் காணாது. காலை வெட்டி எடுக்கிற பேச்சும் வந்தது. கையில் இருந்தது ஒரு கத்தி மட்டும். பிறவுண் கத்தவில்லை, அழவில்லை. நினைவு வந்து வந்து போனது. தான் வராவிட்டால் டெய்சியிடம் தன் அன்பைச் சொல்லிவிடும்படி ஹட்னரிடம் கேட்டுக்கொண்டார்.

இருட்டத் தொடங்கியது. அந்த ஹெலிகொப்டரால் இரவில் மலைகளுக்குள் பறக்க முடியாது. நின்றால் மூவரும் சாகவேண்டியதுதான். நினைவிழந்து கிடந்த பிறவுணிடம் திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டு ஹட்னர் ஏறினார்.

கப்பலுக்குத் திரும்பிய ஹட்னர், மீண்டும் போக அனுமதி கேட்டார். இன்னும் ஆட்களை இழக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். உடலும் விமானமும் எதிரியின் கையில் அகப்படக்கூடாது என்று முடிவானது. டிசம்பர் 7 இல் அவருடைய நண்பர்களே அந்தச் சரிவுக்கு மேலால் பறந்து நேபாம் குண்டுகளைப் போட்டார்கள். போடும்போது வானொலியில் கர்த்தரின் செபத்தைச் சொன்னார்கள். மூன்று நாள் முன்பு ஒரே மேசையில் சாப்பிட்ட ஆளுக்கு அவர்களால் செய்ய முடிந்த இறுதிக் கிரியை அது.

பதக்கம் சொல்வதும் சொல்லாததும்

1951 ஏப்ரல் 13 இல் வெள்ளை மாளிகையில் வைத்து, நாட்டின் அதியுயர் வீரப் பதக்கமான மெடல் ஒஃப் ஹொனரை ட்ரூமன் ஹட்னருக்கு அணிவித்தார். டெய்சி அங்கே நின்றார். பிறவுணுக்கு இறப்புக்குப் பின்னான பறப்புச் சேவைச் சிலுவையும் வேறு இரு பதக்கங்களும் வழங்கப்பட்டன.

ஹட்னரின் பதக்கத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் செயலுக்கு எந்தப் பதக்கமும் காணாது. ஆனால் கதை சொல்லப்படும் விதத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது 'வெள்ளை விமானி கறுப்பு விமானியைக் காப்பாற்றப் போன கதை' என்றே வரும். பிறவுண் அதில் காப்பாற்றப்பட வேண்டியவராக, கடைசி ஒரு மணித்தியாலத்துக்குச் சுருங்கிவிடுவார். அதற்கு முந்திய 24 வருடத்தில் அவரை வெளியே தள்ளப் பார்த்த மெக்கானிக், பயிற்றுநர், சட்டம், முழு மாநிலம் எல்லாம் மறைந்துவிடும். ஒரு நாடு தன் குற்றத்தை ஒரே ஒரு நட்பின் கதையால் கழுவிக்கொள்வது லேசு.

ஹற்றிஸ்பேர்க்குக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும். அதே ஊர்ப்பக்கத்தில், கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவதற்கு உழைத்த வேர்னன் டாமர் என்பவரின் வீட்டைக் கு கிளக்ஸ் கிளான் 1966 ஜனவரியில் எரித்தது. அவர் தீக்காயத்தால் இறந்தார். அப்போது அவருடைய நான்கு மகன்மார் அமெரிக்க இராணுவச் சேவையில் இருந்தார்கள். சீருடையோடு வந்து எரிந்த வீட்டின் சாம்பலுக்குள் நின்றார்கள். பிறவுண் இறந்து பதினைந்து வருடத்துக்குப் பிறகும் நிலைமை இதுதான். ஒரு 'முதலாவது' வந்தவுடன் எல்லாம் மாறிவிடுவதில்லை.

கீழே இருந்தவர்கள்

இப்போது எங்களில் சிலர் கேட்ட அந்தக் கேள்விக்கு வருவோம். கொரியாவில் அமெரிக்கா போட்ட குண்டுகள் 635,000 தொன், அதைவிட 32,000 தொன்னுக்கும் மேற்பட்ட நேபாம் என்று வரலாற்றாசிரியர் புரூஸ் கமிங்ஸ் எழுதியிருக்கிறார். வடக்கின் பல நகரங்கள் தரைமட்டமாகின. பிறவுண் இந்தப் போர் இயந்திரத்தின் ஒரு பகுதி. அதை மறைத்துவிட்டு அவரைப் புனிதராக்க எங்களுக்கு மனமில்லை.

அதேநேரம் அந்த மாதத்தின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சோசினில் இருந்து பின்வாங்கியவர்கள் ஹங்னாம் துறைமுகத்துக்கு வந்தார்கள். டிசம்பர் முடிவதற்குள் அங்கிருந்து சுமார் ஒரு லட்சம் படையினரோடு கிட்டத்தட்ட அதே அளவு கொரியப் பொதுமக்களும் கப்பலேறினார்கள். 'மெரிடித் விக்ரறி' என்ற சரக்குக் கப்பல் ஒன்று மட்டும் ஏறக்குறைய 14,000 பேரை ஏற்றிக்கொண்டு போனது. பின்னாளில் தென்கொரிய ஜனாதிபதியான மூன் ஜே-இன்னின் பெற்றோர் அந்தக் கப்பலில் வந்தவர்கள். அந்தப் பின்வாங்கலை மேலிருந்து காத்தவர்களில் பிறவுணின் பிரிவும் ஒன்று. ஒரே வானத்தில் இருந்து விழுந்தது சிலருக்கு நெருப்பு, சிலருக்கு வழி. கப்பலேறியவர்களோ, சில கிழமைகளில் திரும்பலாம் என்று நம்பிப் போனார்கள். பெரும்பாலானோர் வீட்டைத் திரும்பக் காணவில்லை.

திரும்பி வருவோம் என்ற வாக்கு

டெய்சி ஹற்றிஸ்பேர்க்குக்குத் திரும்பினார். ஆசிரியையானார். பமெலாவை வளர்த்தார். ஹட்னருடனான தொடர்பு அறுந்துபோகவில்லை. 1973 பெப்ரவரி 17 இல் பொஸ்டனில் 'ஜெஸி எல். பிறவுண்' என்ற போர்க்கப்பல் சேவையில் சேர்க்கப்பட்டபோது டெய்சி, பமெலா, ஹட்னர் மூவரும் அங்கே இருந்தார்கள். அந்தக் கப்பல் 1994 இல் சேவையில் இருந்து நீக்கப்பட்டு எகிப்துக்குப் போனது. அங்கே பெயரும் மாறியது. இரும்பில் எழுதிய நினைவு இருபத்தொரு வருடம்தான் நின்றது.

மனிதர்களின் நினைவு அதைவிட நீண்டது. 2013 யூலையில், 88 வயதில், ஹட்னர் பியோங்யாங்குக்குப் போனார். பிறவுணின் எச்சங்களைத் தேடித் தரும்படி, ஒருகாலத்தில் எதிரியாக இருந்த நாட்டின் அதிகாரிகளிடம் கேட்டார். மழைக்காலம், மலைப்பாதைகள் வெள்ளத்தில் போயிருந்தன. செப்ரெம்பரில் வாருங்கள் என்றார்கள். அந்த மலைக்கு அவர் போகவே இல்லை. டெய்சி 2014 இல் இறந்தார். ஹட்னர் 2017 நவம்பரில் இறந்தார்.

1953 யூலை 27 இல் கையெழுத்தானது போர் நிறுத்தம் மட்டும்தான், சமாதான ஒப்பந்தம் இல்லை. கொரியப் போரில் காணாமல்போன அமெரிக்கப் படையினரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் கணக்கில் வரவில்லை. 2018 இல் வடகொரியா 55 பெட்டிகளில் எச்சங்களைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு அரசாங்கங்கள் கைகுலுக்கினால் பெட்டிகள் வரும், முறைத்துக்கொண்டால் நின்றுவிடும். இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவருவது குடும்பத்தின் உரிமையாக இல்லாமல் அரசாங்கங்களின் பேரம்பேசலாக இருக்கும்வரை, காத்திருப்பது மட்டுமே குடும்பத்துக்கு மிஞ்சும். உடல் வராத வீட்டில் காலம் எப்படிப் போகும் என்று எங்கட வாசகர்களுக்கு நாங்கள் விளக்கவேண்டிய தேவை இல்லை.

ஆகவே பிறவுணை எப்படி நினைவுகூர்வது? எங்களுக்குள் முழுதாக ஒத்துப்போனோம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் சில விடயங்களில் ஒரே கருத்துக்கு வந்தோம். அவரை ஒரு கொடியின் அலங்காரமாக்க வேண்டாம். அவர் நேசித்தது பறப்பதை, டெய்சியை, கையில் ஏந்திப் போதுமான அளவு பார்க்காத ஒரு குழந்தையை. பறக்கவேண்டும் என்றால் போர் விமானம் ஓட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் ஒரு ஏழைப் பிள்ளையை வைத்தது யார் என்று கேட்காமல் அவருடைய வீரத்தைப் பாட வேண்டாம். அவரைச் சுட்ட, பெயர் தெரியாத அந்தச் சீனச் சிப்பாயும் துணிச் சப்பாத்தோடு பனியில் கிடந்த ஒருவர் என்பதை மறக்கவும் வேண்டாம்.

அந்த மலைச்சரிவில் முக்கால் மணித்தியாலம் ஒரு மனிதன் வெறுங்கையால் பனியை அள்ளி நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தான். அதனால் நெருப்பும் அணையவில்லை, நண்பனும் பிழைக்கவில்லை. இருந்தும் அறுபத்திரண்டு வருடம் கழித்து அவன் திரும்பவும் அந்த நாட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான். நினைவுகூர்வது என்றால் எங்களுக்கு இதுதான்: முடியாது என்று தெரிந்த பிறகும், போய்க் கேட்பது.